எல்லா கெப்பாசிட்டரும் 0.4 ஓம் காட்டுகிறதா? வயரைப் பாருங்கள்

சிக்னல் ஜெனரேட்டரும் ஸ்கோப்பும் (ஆசிலோஸ்கோப்) வைத்து கெப்பாசிட்டரின் ஈஎஸ்ஆரை, அதாவது அதன் உள்தடையை, அளந்தால், புது 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் சரி, உப்பிப்போன பழையதும் சரி, 100 கிலோஹெர்ட்ஸில் 0.4 ஓம்தான் காட்டுகிறது என்கிறீர்கள். நீங்கள் அளந்தது கெப்பாசிட்டரை இல்லை, முதலை கிளிப் வயரை. அந்த அலைவெண்ணில் 1000 மைக்ரோஃபாரட் தருகிற தடை வெறும் 0.0016 ஓம், 10 செ.மீ. வயரின் இண்டக்டன்ஸால் (மாறும் மின்சாரத்தை எதிர்க்கும் குணம்) வரும் தடையே ஏறக்குறைய 0.06 ஓம். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு நீள வயர் போட்டால் கேட்கவே வேண்டாம். சந்தேகமிருந்தால் கிளிப் இரண்டையும் ஒன்றையொன்று கடிக்க விட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே 0.4 வரும்.

ஜெனரேட்டர் வயர் அப்படியே இருக்கட்டும். ஸ்கோப் புரோபை மட்டும் கிளிப்பிலிருந்து எடுத்து, கெப்பாசிட்டரின் கால்களில், உடலை ஒட்டி வையுங்கள். கிரவுண்டுக்கு நீள வயர் வேண்டாம், குட்டி ஸ்பிரிங் போதும். புரோப் 1எக்ஸில், அதாவது சிக்னலைக் குறைக்காத நிலையில், இருக்கட்டும். 50 ஓம் ஜெனரேட்டர், லோடு இல்லாதபோது உச்சிக்கு உச்சி 5 வோல்ட் என்றால், ஓடும் மின்சாரம் சுமார் 0.1 ஆம்பியர். அப்போது திரையில் 10 மில்லிவோல்ட் தெரிந்தால் ஈஎஸ்ஆர் 0.1 ஓம். அலை நடுங்கினால் ஸ்கோப்பில் ஆவரேஜிங் (பல அலைகளின் சராசரி) போடுங்கள்.

அப்புறம், சார்ஜ் இறக்காத கெப்பாசிட்டரை மாட்டிவிடாதீர்கள். நான் ஒரு ஜெனரேட்டரை அப்படித்தான் புகையவிட்டேன்.