அடுத்தவர் முறை

அன்புள்ள சார்,

வணக்கம். டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதுவதைப் படித்து வருகிறேன். மூன்று வருடங்களாக ஐந்து பேருக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற அந்த வகை விளையாட்டை நடத்துகிறேன். நான்தான் கேம் மாஸ்டர். ஒரே கேம்பெயின், அதாவது ஒரே தொடர்கதை, அதே ஐந்து பேர், மாதம் இரண்டு செஷன்.

இந்த ஆட்டத்தை நடத்துகிறவர்கள் எங்கே கூடினாலும் பேச்சு புகாரில்தான் வந்து நிற்கும். பகடையில் பொய் சொல்கிறவர், விதிப்புத்தகத்தை வைத்து வாதாடுகிறவர், சண்டை வந்தால் மட்டும் போனிலிருந்து தலையை நிமிர்த்துகிறவர், சொல்லாமல் கொள்ளாமல் வராமல் போகிறவர். என் முறை வரும்போது எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. 'என் ஆட்கள் நல்லவர்கள்' என்று சொன்னால் பீற்றிக்கொள்வதுபோல் இருக்கிறது. கண் பட்டுவிடுமோ என்றுகூடத் தோன்றுகிறது, சிரிக்காதீர்கள்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் அதிகம் பேசாத ஒரு பெண் இருக்கிறார். அவருடைய கேரக்டர் ஒரு வில்லாளி, சிறுவயதில் காணாமல்போன அண்ணனைத் தேடி அலைகிறவள். அந்த அண்ணன் எதிரிப்படையின் உடையில் அவள் முன்னால் வந்து நின்றான். கட்டாயப்படுத்திச் சேர்த்துக்கொண்டார்கள் என்றான். சொல்வது நிஜமா, வேவு பார்க்க வந்திருக்கிறானா என்று அவளுக்குத் தெரியாது. கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் அவரும் நானும் மட்டுமே பேசினோம். மற்ற நாலு பேரும் அசையவில்லை. மந்திரவாதியாக ஆடுகிறவரிடம் மனதைப் படிக்கும் மந்திரம் இருந்தது. அதைப் போடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும். சொல்லவில்லை. முடிந்ததும் தனியாகக் கேட்டேன். 'அது அவங்களோட சீன் இல்லையா' என்றார். இத்தனைக்கும் இவர்தான் முதல் ஆறு மாதம் யாருடைய காட்சியாக இருந்தாலும் முந்திக்கொண்டு பேசுவார்.

இன்னும் நாலைந்து செஷனில் கதை முடிகிறது. இவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். 'நீங்க நடத்துறதாலதான் நாங்க இப்படி ஆடுறோம்' என்று என் பக்கமே திருப்பிவிட்டார்கள். எனக்கு அதில் பெரிய பங்கில்லை, எல்லாம் அதிர்ஷ்டம் என்றுதான் நினைக்கிறேன். ஒரு நல்ல குழு அமைவது யார் கையில் இருக்கிறது?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

அவர் போடாமல் விட்ட அந்த மந்திரத்திலேயே நான் நின்றுவிட்டேன். கடிதத்தின் மிச்சத்தை அப்புறம்தான் படித்தேன்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்காக நாலு வரி. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கேரக்டரை எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கேரக்டர் என்ன செய்கிறது, என்ன பேசுகிறது என்பதை அவரவர் சொல்வார்கள். மற்ற உலகம் முழுக்க, அதாவது எதிரி, ஊர்க்காரன், மழை, பூட்டிய கதவு எல்லாமே, கேம் மாஸ்டரின் பொறுப்பு. முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடையை உருட்டுவார்கள். ஜெயிப்பவர், தோற்பவர் என்று யாரும் கிடையாது. சொல்லும்போது சப்பென்று இருக்கும். உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நாலு மணி நேர செஷன் என்றால் 240 நிமிடம். வர்ணனை, எதிரிகளின் முறை, ஊர்க்காரர்களின் பேச்சு என்று கேம் மாஸ்டர் பாதியை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 120. ஐந்து பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 24 நிமிடம். மீதி 216 நிமிடமும் வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாமோ ஆட்டக்காரரை எடைபோடும்போது அந்த 24 நிமிடத்தைத்தான் பார்க்கிறோம். குரலை மாற்றிப் பேசுகிறாரா, கேரக்டருக்கு நல்ல முன்கதை எழுதியிருக்கிறாரா, சண்டையில் சாமர்த்தியமாக நகர்கிறாரா என்று. அந்த 216 நிமிடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். உங்கள் மந்திரவாதி முக்கால் மணி நேரம் சும்மா இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். சும்மா இருக்கவில்லை. கையில் விடையை வைத்துக்கொண்டு கேள்வியைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் மேசையில் ஒருவர் இருக்கிறார். நடிப்பு சுத்தமாக வராது. 'என் கேரக்டர் அவனைத் திட்டுகிறான்' என்று செய்தி வாசிப்பதுபோல் சொல்வார். என்ன திட்டுகிறான் என்று கேட்டால், 'கடுமையாக' என்பார். ஆனால் கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். எட்டாவது செஷனில் நான் போகிறபோக்கில் ஒரு படகுக்காரனுக்கு ஒரு பெயர் வைத்தேன். முப்பதாவது செஷனில் ஆற்றைக் கடக்க வழியில்லாமல் எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தபோது இவர் பக்கங்களைப் புரட்டி அந்தப் பெயரைச் சொன்னார். எனக்கே மறந்துபோயிருந்தது. யாரோ ஒருவர் எழுதி வைத்துக்கொள்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து நான் கண்டபடி பெயர் வைப்பதை விட்டுவிட்டேன்.

இன்னொருவருக்கு விதிகள் எல்லாம் மனப்பாடம். இப்படிப்பட்டவர்களைப் பொதுவாக 'ரூல்ஸ் லாயர்' என்று கிண்டல் செய்வார்கள், அந்தப் பட்டியல் உங்கள் கடிதத்திலும் இருக்கிறது. இவரும் வக்கீல்தான், தனக்கு எதிராகவே வாதாடுகிற வக்கீல். எதிரியை அடிக்க ஆரம்பித்துவிட்டு நடுவில் நிறுத்துவார். 'இருங்க, அவன் என் கைக்கெட்டும் தூரத்தைவிட்டு விலகவே இல்லை, அதனால் எனக்கு அந்த இலவச அடி கிடையாது' என்பார். நான் கவனித்தே இருக்க மாட்டேன். அன்று அவர் கேரக்டர் செத்துப்போகும் நிலையில் இருந்தது.

நான் எப்படிப்பட்ட ஆட்டக்காரனாக இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு திருடன் கேரக்டரை ஆடினேன். கூட வருகிறவர்கள் தூங்கும்போது அவர்கள் பையிலிருந்தே திருடுவேன். ஏன் என்று கேட்டால், 'என் கேரக்டர் அப்படித்தான் செய்வான், நான் என்ன பண்ணட்டும்' என்பேன். அந்தக் கேரக்டரை எழுதியது யார் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நல்ல மனிதர்கள். நாலாவது செஷனோடு குழு கலைந்தது. எல்லோருக்கும் வேலை இருந்தது என்று காரணம் சொன்னார்கள். அதை நான் ரொம்ப நாள் நம்பினேன்.

அதனால்தான் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் முதல் ஆறு மாதம் முந்திக்கொண்டு பேசுகிறவராக இருந்தார். அதிர்ஷ்டம் என்று நீங்கள் சொல்வதை அந்த வரியே அடித்துவிடுகிறதே. அதிர்ஷ்டத்தில் நல்ல ஆட்டக்காரர் கிடைக்கலாம். கிடைத்தவர் மாறினார் என்றால், மேசையில் யாரோ எதையோ திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார்கள். அவர் குறுக்கே பேசியபோது 'சரி, அவங்க என்ன சொல்றாங்க கேப்போம்' என்று ஒருவர் சொல்லியிருப்பார். அல்லது அந்த வில்லாளிப் பெண் ஆறு மாதம் அவர் காட்சிகளைப் பொறுமையாகக் கேட்டிருப்பார், இவருக்கு ஒருநாள் உறைத்திருக்கும். யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். யோசித்துப் பாருங்கள், நன்றி சொல்ல வேண்டிய முதல் ஆள் அவராகக்கூட இருக்கலாம்.

யார் கையில் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இந்த விளையாட்டே பிறந்த கதையை இதற்குச் சொல்லலாம். 1969. அமெரிக்காவின் மினியாபொலிஸ் - செயின்ட் பால் பகுதியில் பொம்மைப் படைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடும் ஒரு குழு. டேவிட் வெஸ்லி என்பவர் நெப்போலியன் காலத்துப் போர் ஒன்றை நடத்தத் தயார் செய்தார். களம் பிரவுன்ஸ்டைன் என்ற கற்பனை ஊர். படைத்தளபதிகள் போக மற்றவர்களுக்கும் வேலை வேண்டுமே என்று நகரத் தலைவர், வங்கிக்காரர், பல்கலைக்கழக வேந்தர் என்று பாத்திரங்களைக் கொடுத்தார். படைகள் மோதவே இல்லை. ஆட்கள் ஒருவரையொருவர் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் ரகசியம் பேசினார்கள், சதி செய்தார்கள். இரண்டு பேர் வந்து, 'நாங்கள் இருவரும் ஒற்றைக்கு ஒற்றை சண்டை போட்டுக்கொள்ளப் போகிறோம்' என்றார்கள். அதற்கு விதியே கிடையாது. வெஸ்லி அந்த நிமிடத்தில் ஏதோ ஒன்றை உருவாக்கி உருட்ட வைத்தார். எல்லாம் கைமீறிப் போனது, ஆட்டம் தோல்வி என்றுதான் அவர் நினைத்தார். ஆடியவர்கள் மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்னசன் பிறகு பிளாக்மூர் என்ற தன் கற்பனை உலகத்தில் இதைத் தொடர்ந்தார். அவரும் கேரி கைகாக்ஸ் என்ற இன்னொரு விளையாட்டு வடிவமைப்பாளரும் சேர்ந்து உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தது.

அன்றைக்கு அந்த ஆட்டக்காரர்கள் சொன்னபடி பொம்மைகளை நகர்த்திவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் நீங்கள் எனக்கு இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். அதே சமயம், ஒற்றைக்கு ஒற்றை சண்டை என்று வந்து நின்றவர்களிடம் வெஸ்லி 'அதெல்லாம் முடியாது' என்று சொல்லியிருந்தாலும் இதே கதிதான். உங்கள் ஆட்கள் பாராட்டை உங்கள் பக்கம் திருப்பிவிட்டது வெறும் அடக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் பார்த்திருக்க ஒரே ஒருவரோடு முக்கால் மணி நேரம் பேசுகிற தைரியம் எல்லா கேம் மாஸ்டருக்கும் வராது. மற்றவர்களுக்குச் சலிக்குமோ என்று பயந்து பத்து நிமிடத்தில் ஒரு பூதத்தை அனுப்பிவிடுவோம். நான் அனுப்பியிருப்பேன். நீங்கள் அவர்களை நம்பினீர்கள், அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, நன்றி சொல்வதற்கு வருவோம். 'எல்லாரும் சூப்பராக ஆடுகிறீர்கள்' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், திருப்பித்தான் தருவார்கள். ஒருவரிடம், ஒன்றைப் பற்றி, மறுநாள் சொல்லுங்கள். 'நேற்று பாலத்தில் நீங்கள் பின்னால் திரும்பி அவரிடம் "நீ என்ன நினைக்கிறாய்" என்று கேட்டீர்களே, அதற்கு அப்புறம்தான் அவர் பேசவே ஆரம்பித்தார்' என்பதுபோல. அவர் செய்ததை அவருக்கே நினைவூட்டினால் மறுக்க வழியில்லை.

உங்கள் விதிப்புத்தகத்திலேயே இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது, நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 'இன்ஸ்பிரேஷன்' என்று ஒன்று உண்டு. ஒருவர் கேரக்டருக்கு உண்மையாக ஆடினால் கேம் மாஸ்டர் அதைக் கொடுக்கலாம். வைத்திருப்பவர் ஒருமுறை இருபது முகப் பகடையை இரண்டாக உருட்டிப் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 11-ஓ அதற்கு மேலோ விழ வேண்டிய இடத்தில் 50 சதவீத வாய்ப்பு 75 ஆகிறது. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வரி. வைத்திருப்பவர் அதைத் தான் பயன்படுத்தாமல், நன்றாக ஆடிய இன்னொரு ஆட்டக்காரருக்குக் கொடுத்துவிடலாம். அதாவது, பாராட்டுகிற அதிகாரம் உங்களிடம் மட்டும் இல்லை. மிச்சமிருக்கிற செஷன்களில் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஐந்து பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்து, 'இதை உங்களுக்காகச் செலவழிக்கக் கூடாது, வேறு யாருக்காவதுதான் தர வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள். விதியைக் கொஞ்சம் வளைக்கிறோம், பரவாயில்லை. யார் யாருக்குத் தருகிறார்கள் என்று பார்த்தாலே உங்கள் குழுவைப் பற்றி என்னைவிட அதிகமாகத் தெரிந்துகொள்வீர்கள்.

அப்புறம், கதைக்குள்ளேயே சொல்லுங்கள். மூன்று வருடத்துக் குறிப்புகள் உங்களிடம் இருக்கும். ஆரம்பத்தில் யாரையோ கொல்லாமல் விட்டிருப்பார்கள், எங்கோ ஒரு கிராமத்துக்குக் கிணறு வெட்டிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஆள் திரும்பி வரட்டும். அந்தக் கிணற்றுக்கு ஊர்க்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கட்டும். அவர்கள் செய்தது உங்கள் உலகத்தில் தங்கியிருக்கிறது என்று காட்டுவதற்கு மேல் ஒரு கேம் மாஸ்டரால் என்ன தர முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி சண்டைகளில் பகடையை எல்லோரும் பார்க்க உருட்டுங்கள். பாசத்தில் யாரையும் காப்பாற்றாதீர்கள். இத்தனை தூரம் வந்தவர்களுக்குப் பொய்யான வெற்றியைக் கொடுப்பது மரியாதை இல்லை.

முடிவைத் தள்ளிப்போடவும் வேண்டாம். குழு கலைந்துவிடுமோ என்ற பயத்தில் கதையை இழுத்த கேம்பெயின்களைப் பார்த்திருக்கிறேன். இழுவையில்தான் ஆட்கள் கழன்றுகொள்வார்கள். முடித்துவிட்டு, அடுத்த மாதம் அவர்களில் ஒருவரை ஒரே ஒரு செஷன் ஆட்டம் நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு சாதாரணக் கேரக்டரை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்காருங்கள். உங்களுக்கும் 24 நிமிடம் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று. மனதைப் படிக்கும் அந்த மந்திரத்தை அவர் இன்னும் போடவில்லைதானே? முடிவதற்குள் அதற்கு ஓர் இடம் வைத்துவிடுங்கள். வேறு எந்த வழியும் இல்லாத இடமாக இருக்கட்டும். அதைப் போடும்படி கேட்பது அந்த வில்லாளியாக இருந்தால் நல்லது. எப்படி நடந்தது என்று எழுதுங்கள்.

அன்புடன்.