துருக்கிஸ்தானின் ஒற்றர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மத்திய ஆசியா குறித்த உங்கள் கட்டுரையில், 1918இல் தாஷ்கந்துக்கு (இன்றைய உஸ்பெகிஸ்தானின் தலைநகர்) சென்று தலைமறைவான பிரிட்டிஷ் அதிகாரி பெய்லியைப் பற்றி இரண்டே வரிகள் எழுதியிருந்தீர்கள். பிறகு நானே தேடிப் படித்தேன். மாறுவேடத்தில் இருந்த அவரை, ரஷ்யப் புரட்சியாளர்களான போல்ஷெவிக்குகளே உளவு வேலைக்கு அமர்த்தி, பெய்லியைப் பற்றித் தகவல் சேகரிக்கச் சொன்னார்கள் என்பதை வாசித்தபோது பிரமித்துப்போனேன். எதிரியின் அலுவலகத்துக்குள்ளேயே ஆள் நுழையும் அளவுக்கு பிரிட்டிஷ் உளவு வலுவாக இருந்தது என்றால், அடுத்த பத்தாண்டுகளுக்கு டெல்லியும் லண்டனும் போல்ஷெவிக்குகளைக் கண்டு அப்படி அஞ்சியது ஏன்? எல்லாம் தெரிந்தவர்களுக்கு எதற்கு அச்சம்?

ச. மு., திருநெல்வேலி

அன்புள்ள ச. மு.,

உங்கள் கேள்வியின் பின்பாதி மிகச் சரியானது. முன்பாதியை மட்டும் நான் ஏற்கமாட்டேன். பெய்லியின் சாகசத்தைப் பிரிட்டிஷ் உளவின் வலிமைக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நிதானமாகப் பார்த்தால் அது அந்த உளவு எவ்வளவு தடுமாறியது என்பதற்கே சான்று.

1917 நவம்பரில் தாஷ்கந்து நகரம் சோவியத் ஆட்சியின் கைக்கு வந்தது. ஆனால் மாஸ்கோவுக்கான ரயில்பாதையில் இருந்த ஓரென்பர்க் பகுதியை, போல்ஷெவிக் எதிர்ப்பாளரான தூத்தோவின் கொசாக் படையினர் மறித்திருந்ததால், 1919 செப்டம்பர் வரை பெரும்பாலான காலம் அந்த நகரம் மாஸ்கோவிலிருந்து துண்டிக்கப்பட்டே கிடந்தது. அங்கே என்ன நடக்கிறது என்று மாஸ்கோவுக்கே சரியாகத் தெரியாதபோது, டெல்லிக்கு எப்படித் தெரியும்? டெல்லியின் கவலை அப்போது பொதுவுடைமை பற்றியதும் அல்ல. ஜெர்மனியோடு போர் நடந்துகொண்டிருந்தது. தாஷ்கந்தைத் தலைநகராகக் கொண்ட துருக்கிஸ்தானில் தேங்கிக் கிடந்த பருத்தி ஜெர்மனிக்குப் போய்விடக்கூடும். அங்கே முகாம்களில் இருந்த பல்லாயிரம் ஆஸ்திரிய-ஹங்கேரியப் போர்க்கைதிகள் ஆயுதம் ஏந்தி ஆப்கானிஸ்தான் பக்கம் திரும்பக்கூடும். இந்த இரண்டு ஐயங்களையும் சரிபார்த்து வரத்தான் பெய்லியும் அவருடைய சக அதிகாரி பிளாக்கரும் 1918 கோடையில் சீனாவின் மேற்கு எல்லையை ஒட்டிய காஷ்கரிலிருந்து கிளம்பினார்கள்.

அவர்கள் ஆகஸ்டில் தாஷ்கந்தை அடைந்த அதே நாட்களில் மேற்கே வேறொன்று நடந்தது. பாரசீகத்தின் மஷ்ஹத் நகரில் முகாமிட்டிருந்த மேஜர் ஜெனரல் மாலெசன், அஷ்காபாத்தில் போல்ஷெவிக்குகளுக்கு எதிராகக் கிளம்பிய ரயில்வே தொழிலாளர்களின் அரசுக்கு உதவ 19ஆம் பஞ்சாப் படையின் சிப்பாய்களை அனுப்பினார். அவர்கள் தாஷ்கந்தின் செம்படையோடு துப்பாக்கிச் சண்டையில் இறங்கிவிட்டார்கள். ஆக, ஒரே அரசின் ஒரு கை தாஷ்கந்தின் கமிசாரோடு (சோவியத் அமைச்சர்) மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்க, மறு கை அவருடைய ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தது. தாஷ்கந்து அதிகாரிகள் இதற்கு விளக்கம் கேட்டபோது பெய்லியிடம் உறுதியான தகவல் எதுவும் இல்லை. காஷ்கருக்கும் இந்தியாவுக்கும் இடையில் செய்தி கில்கிட் வழியாக, மலைக் கணவாய்களைக் கடந்து, ஓட்டத் தபாலில் போய்வர வேண்டியிருந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் இது வியப்பளிக்காது.

பிளாக்கர் செப்டம்பரில் திரும்பிவிட்டார். பெய்லி தங்கினார், அக்டோபரில், கைதாவது உறுதி என்று தெரிந்ததும், ஆஸ்திரியப் போர்க்கைதியின் உடையில் மறைந்தார். அதற்குப் பிறகு ஓராண்டுக்கும் மேலாக அவர் செய்ததில் பெரும்பகுதி ஒளிந்திருப்பதுதான். குளிர்காலத்தில் மலைப்பகுதியில் காலில் அடிபட்டுக் கிடந்தார், வீடு மாற்றினார், பெயர் மாற்றினார். ஆளனுப்பிச் சேர்ப்பிக்க முயன்ற செய்திகளில் பல போய்ச்சேரவில்லை; போய்ச்சேர்ந்தவை பழசாகிவிட்டிருந்தன. நீங்கள் பிரமித்த அந்த நிகழ்ச்சி 1919இன் பிற்பகுதியில் நடந்தது. அல்பேனியர் என்ற போர்வையில் ராணுவ எதிர்உளவுப் பிரிவில் சேர்ந்து அவர் அண்டை எமிரேட்டான புகாராவுக்குப் போனது தகவல் திருட அல்ல. தப்பிப்பதற்கு அந்தக் காகிதங்கள் தேவைப்பட்டன. வழியில், பெய்லி பற்றி விசாரிக்கும்படி அவருக்கே தந்தி வந்தது. 1920 ஜனவரியில் பாரசீக எல்லையைத் தாண்டினார். அவர் துணிச்சல்காரர் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1946இல் வெளிவந்த அவருடைய நூலை இன்றும் விறுவிறுப்பாகப் படிக்கலாம். ஆனால் அவர் நேரில் கண்டதில் முக்கியமான ஒன்று, அந்தப் போர்க்கைதிகளில் பெரும்பாலோர் இந்தியாவின் மீது படையெடுக்க அல்ல, வீட்டுக்குப் போகவே துடித்தார்கள் என்பது. அதைத் துணிந்து நம்பும் மனநிலையில் அன்று யாரும் இல்லை.

உருப்படியான தகவல் வேறு இடங்களிலிருந்து வந்தது. காஷ்கரின் துணைத்தூதரகத்துக்கு, சுற்றியிருந்த ஊர்களில் இந்திய வணிகர்களின் பொறுப்பாளர்களாக ‘அக்சகால்கள்’ இருந்தார்கள். லடாக் வழியாக வந்துபோன வியாபாரிகளும், வட்டித்தொழில் செய்த சிகார்ப்பூர்க்காரர்களும் சந்தை விலையோடு சேர்த்து ஊர்ச் செய்தியையும் சொன்னார்கள். இந்த மனிதர்களின் பெயர்கள் சாகச நூல்களில் இடம்பெறுவதில்லை. மஷ்ஹத்தில் கம்பியில்லாத் தந்தியை ஒட்டுக்கேட்டார்கள். 1921 முதல் சிம்லாவில் ஜான் டில்ட்மன் போன்றவர்கள் மாஸ்கோ, காபூல், தாஷ்கந்து இடையே போன சங்கேதத் தந்திகளை நாற்காலியில் உட்கார்ந்தபடியே உடைத்தார்கள். என்னைக் கேட்டால், சிம்லாவின் ஒரு மேசை ஒரு மாதத்தில் தந்தது பெய்லியின் முழுப் பயணத்தையும்விட அதிகம்.

ஆனால் தகவல் பெருகப் பெருக இன்னொரு சிக்கல் வந்தது: எது நல்ல சரக்கு, எது போலி என்று தரம்பிரிக்க யாரும் இல்லை. மாலெசன் 1919இல் ஆப்கானியரின் சூழ்ச்சிகளை போல்ஷெவிக்குகளுக்கும், போல்ஷெவிக்குகளின் சூழ்ச்சிகளை ஆப்கானியருக்கும் கசியவிட்டு இருவரையும் பிரித்துவைப்பதில் மும்முரமாக இருந்தார். மூன்றாம் ஆப்கான் போர் நடந்த ஆண்டு அது என்பதால் இதன் அவசியம் புரிகிறது. ஆயினும், தானே புரளியை விதைத்த கடைவீதியில் மறுநாள் காசு கொடுத்துச் செய்தி வாங்குபவர், திரும்பி வருவது தான் விதைத்ததுதானா என்று எப்படி அறிவார்?

இதன் உச்சத்தை லண்டனிலேயே பார்க்கலாம். 1921 மார்ச் 16 அன்று கையெழுத்தான வணிக ஒப்பந்தத்தில், இந்தியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் பிரிட்டனுக்கு எதிராகப் பிரசாரம் செய்வதில்லை என்று மாஸ்கோ ஒப்புக்கொண்டிருந்தது. அதை மீறிவிட்டதாக செப்டம்பரில் வெளியுறவு அமைச்சர் கர்சன் ஒரு நீண்ட கண்டனக் குறிப்பை அனுப்பினார். அதில், மூன்றாம் அகிலத்தின் (உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு) கிழக்குப் பிரிவுத் தலைவர் என்ற முறையில் ஸ்டாலின் அளித்ததாக ஓர் அறிக்கை காட்டப்பட்டிருந்தது. ஸ்டாலின் அப்படியொரு பதவியில் இருந்ததே இல்லை என்று சோவியத் வெளியுறவுத் துறையின் லித்வினோவ் பதில் எழுதினார். பெர்லினின் போல்ஷெவிக் எதிர்ப்பு வட்டாரங்களில் உருவான தாள்களை அப்படியே நம்பியிருந்தார்கள். எரிச்சலூட்டும் உண்மை என்னவென்றால், குற்றச்சாட்டின் சாரம் பொய் அல்ல. இந்தியப் புரட்சியாளர் எம். என். ராய் தாஷ்கந்தில் இந்தியர்களுக்கு ராணுவப் பயிற்சிப் பள்ளி நடத்தியது நிஜம்தான். கையில் உண்மை இருக்கும்போதே போலியைத் தூக்கிக் காட்டினார்கள். 1923 மே மாதத்தில் கர்சன் இரண்டாம் முறை எச்சரிக்கை அனுப்பியபோது பாடம் படித்திருந்தார். காபூலிலிருந்த சோவியத் தூதர் ரஸ்கோல்னிக்கோவின் அசல் தந்திகளையே தேதியோடு எடுத்துக்காட்டினார். விளைவு, தங்கள் தந்திகள் படிக்கப்படுகின்றன என்பது மாஸ்கோவுக்குத் தெரிந்துபோனது. 1927இல் பிரிட்டிஷ் அரசு இதையே நாடாளுமன்றத்தில் செய்தபோது, ரஷ்யர்கள் ஒவ்வொரு திறவுகோலையும் ஒரே ஒருமுறை பயன்படுத்தும், உடைக்கவே முடியாத சங்கேதத்துக்கு மாறிவிட்டார்கள்.

அப்படியானால் அச்சம் ஏன் தணியவில்லை? தாஷ்கந்தில் உண்மையில் இருந்தது என்ன என்று பாருங்கள். 1920இல், துருக்கியின் கலீபாவைக் காக்க எழுந்த கிலாபத் உணர்வில் நாட்டைவிட்டு ஆப்கானிஸ்தான் சென்ற பல்லாயிரம் பேரில் சில டஜன் இளைஞர்கள் அங்கே போய்ச்சேர்ந்தார்கள். அக்டோபர் 17 அன்று ஏழு பேர் கூடி இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அறிவித்தார்கள். அதில் ஒருவர் சென்னையில் பிறந்த எம். பி. டி. ஆச்சார்யா, புதுச்சேரியில் பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகை வட்டத்தில் இருந்தவர். சில மாதங்களிலேயே அவருக்கும் ராய்க்கும் சண்டை மூண்டு பிரிந்துவிட்டார், பின்னர் அராஜகவாதியானார். பிரிட்டிஷ் வணிக ஒப்பந்தத்தையடுத்து பள்ளியும் மூடப்பட்டது. இந்தச் சிறிய, தமக்குள்ளேயே பூசலிட்ட கூட்டத்தின் அளவு டெல்லியின் உளவுத்துறைக்கு நன்றாகத் தெரியும். ஊர் திரும்பியவர்களைப் பிடித்து விசாரித்தே அதைத் தெரிந்துகொண்டார்கள். ஆனால் ஆபத்து சிறியது என்று எழுதும் அதிகாரி, பிறகு ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டும். பெரியது என்று எழுதுபவருக்கு அந்தத் தொல்லை இல்லை. அச்சத்துக்கு நீதிமன்றத்திலும் பயன் இருந்தது. 1922 முதல் 1927 வரை நடந்த பெஷாவர் சதி வழக்குகளில், மன்னரின் ஆட்சியுரிமையைப் பறிக்கச் சதி செய்ததாக 121-ஏ பிரிவின் கீழ் அந்த இளைஞர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் இந்தியாவில் எதையும் செய்திருக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தாஷ்கந்துக்கும் மாஸ்கோவுக்கும் போய்ப் படித்தார்கள் என்பதே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது.

உளவுத்துறைத் தலைவர்களான சிசில் கே, டேவிட் பெட்ரி ஆகியோரின் ரகசிய அறிக்கைகள் பின்னாளில் இந்தியாவிலேயே அச்சாகியுள்ளன. பெய்லிக்கு அடுத்து அவற்றைப் படியுங்கள். விறுவிறுப்பு இருக்காது, ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.