அரசுத் துறை மனிதவளப் பணியில் முன்னோடியான கறுப்பினப் பெண் என்று யாரைச் சொல்வீர்கள்?

என்னைக் கேட்டால் எர்சா போஸ்டன். ஆள் எடுக்கிற வேலையிலேயே இருப்பவர்களில்கூடப் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது, அது எனக்குக் கொஞ்சம் ஆதங்கம்தான்.

1921-இல் அமெரிக்காவின் கென்டக்கியில் பிறந்தவர். சமூகப் பணி படித்துவிட்டு நியூயார்க் வந்தார். 1965-இல் நியூயார்க் மாநில ஆளுநர் ராக்பெல்லர் அவரை மாநில வறுமை ஒழிப்பு அலுவலகத்துக்குத் தலைவராக்கினார், 1967-இல் மாநில அரசு வேலைகளுக்கு விதி வகுக்கும் சிவில் சர்வீஸ் கமிஷனுக்கே தலைவராக்கினார். அங்கே அந்தப் பதவிக்கு வருபவர்தான் சிவில் சர்வீஸ் துறைக்கும் தலைவர். தேர்வு நடத்துவது, பட்டியல் போடுவது, எந்த வேலைக்கு எந்தத் தகுதி, எந்தச் சம்பளப் படி என்பதெல்லாம் அந்தத் துறையின் சமாச்சாரம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். 1883 சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசு வேலைக்குத் தேர்வு வந்துவிட்டது, மதிப்பெண் எடுத்தவருக்கு வேலை, சரி. ஆனால் பட்டியலில் முதல் மூன்று பெயர்கள் அதிகாரியிடம் போகும், அவர் மூவரில் யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். இதோடு 1914 முதல் விண்ணப்பத்தில் புகைப்படமும் ஒட்டச் சொன்னார்கள். அப்புறம் என்ன, முதலிடத்தில் வந்த கறுப்பினத்தவரைத் தாண்டி மூன்றாவது ஆளை எடுத்தால் அதில் விதிமீறலே கிடையாது! புகைப்படம் 1940-இல்தான் ஒழிந்தது, மூவர் விதி அதற்குப் பிறகும் பல காலம் இருந்தது. இப்படி விதி எழுதுகிற நாற்காலியில் ஒரு கறுப்பினப் பெண் போய் உட்கார்ந்ததால்தான் அவரை முன்னோடி என்கிறேன். வெறும் 'முதல் ஆள்' பட்டத்துக்காக இல்லை.

அவர் அங்கே இருந்த காலமும் லேசான காலம் இல்லை. வேலைக்குச் சம்பந்தமில்லாத தேர்வை வைத்து ஒரு இனத்தாரை வடிகட்டக் கூடாது என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 1972-இல் பாகுபாட்டுத் தடைச் சட்டம் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தியது.

1977-இல் அதிபர் கார்ட்டர் அவரை மத்திய சிவில் சர்வீஸ் கமிஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆள் எடுப்பதும் அந்தக் கமிஷன்தான், ஊழியர் முறையிட்டால் விசாரிப்பதும் அதேதான், என் கணக்கில் அதன் பெரிய ஓட்டையே அது. 1978 சீர்திருத்தச் சட்டம் அதைக் கலைத்து, நிர்வாகத்துக்கு ஒரு அலுவலகம், முறையீட்டுக்குத் தனி வாரியம் என்று பிரித்தது. போஸ்டன் அந்த வாரியத்தின் துணைத் தலைவரானார். நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு கறுப்பினப் பெண் தலைவராக வர 1989 ஆனது, அவர் கான்ஸ்டன்ஸ் நியூமன். அவரைப் பற்றியும் தேடிப் படியுங்கள்.