பண்டிகைக்கு வீட்டில் இல்லாத சிப்பாய்: கேட்டவையும் சொன்னவையும்

நான் கொட்டாஞ்சேனைக்காரன். இலங்கை இராணுவத்தின் மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். லெபனானில் ஐ.நா. படையோடு நக்கூரா முகாமில் ஒரு வருடம் இருந்தேன். பண்டிகைக் காலம் நெருங்குவதால் வந்த கேள்விகள் இவை.

மட்டக்குளியிலிருந்து ஒரு மனைவி: அண்ணா, இவர் லெபனானுக்குப் போய் நாலு மாதம். நத்தாருக்கு போன் எடுத்தால் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. இப்போதே அழுகை வருகிறது.

பேசவே வேண்டாம் தங்கச்சி. என் முதல் நத்தாருக்கு வீட்டில் ஒன்பது பேர் வரிசையாகப் போனை வாங்கினார்கள். ஒன்பது பேரும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டார்கள். ஒன்பது தடவை "ஓம்" என்றேன். வைத்த பிறகு வெறுமைதான் மிஞ்சியது.

மறுநாள் மனைவி போனைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் சாத்தி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். திரையில் கூரையும் பாதி மின்விசிறியும்தான். தேங்காய் துருவும் சத்தம். சின்னவன் எதற்கோ அடி வாங்குகிறான். மாலை ஐந்து மணி, அங்கே பகல் ஒன்றரை. தெருவில் பாண் விற்கும் சூன் பாண் ஓட்டோ அந்தப் பழைய மெட்டைப் பாடிக்கொண்டு வந்தது. "ரெண்டு மாலுபாண் எடு" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய் வந்த மாதிரி இருந்தது.

இன்னொன்று: கொழும்பில் நள்ளிரவுப் பூசை தொடங்கும்போது அங்கே இரவு எட்டரைதான். அவர் கடமையில் இருக்கலாம். எடுக்கவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். பூசையைப் பற்றியும் கவலை வேண்டாம். நக்கூராவுக்குப் பக்கத்திலேயே அல்மா அஷ்ஷாப் என்ற கிறிஸ்தவக் கிராமம் இருக்கிறது.

தெமட்டகொடையிலிருந்து: நானா, என் கணவரும் லெபனானில்தான். நோன்புப் பெருநாளுக்கு அவர் தனியாக இருப்பாரே?

தனியாக இல்லை, பெரும்பாலும் ஒரு நாள் முந்தி இருப்பார். நமக்குப் பிறையைக் கொழும்பு பெரிய பள்ளிவாசலில் தீர்மானிப்பார்கள், அங்கே அவர்கள் கணக்கு வேறு. முதல் நாள் நீங்கள் வாழ்த்துங்கள், அடுத்த நாள் அவர் உங்களை வாழ்த்தட்டும். கித்துள் கருப்பட்டி மட்டும் போகிறவர் கையில் கொடுத்துவிடுங்கள். வெள்ளைச் சீனியில் செய்த வட்டிலப்பத்தை ஒருமுறை சாப்பிட்டோம், அந்தப் பேச்சே வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்: தம்பி, என் மகன் பிரித்தானிய இராணுவத்தில், இப்போது சைப்பிரசில். பலகாரம் அனுப்ப வழி உண்டா?

உண்டு அம்மா. லண்டனில் சொந்தக்காரர் இருந்தால் முதலில் அவர்களுக்கு அனுப்புங்கள். அங்கிருந்து பி.எஃப்.பி.ஓ. என்ற இராணுவத் தபால் முகவரிக்கு உள்நாட்டுக் கட்டணத்திலேயே போகும். முகவரியில் சைப்பிரஸ் என்ற பெயரே வரக் கூடாது. நாட்டுப் பெயரைப் போட்டால் பார்சல் சாதாரண வெளிநாட்டுத் தபாலில் கலந்துவிடும். பயத்தம் பணியாரமும் முறுக்கும் தாங்கும். தொதல் வழியிலேயே பூத்துப்போகலாம். ஊறுகாய் போத்தல் வேண்டவே வேண்டாம். எனக்கு வந்த தேசிக்காய் ஊறுகாய் உடைந்து, கூடவே வந்த வெள்ளை பெனியன் கடைசி வரை மஞ்சளாகவே இருந்தது.

வத்தளையிலிருந்து ஒரு தம்பி: ஐ.நா. படைக்குப் போனால் நல்ல காசாமே? லெபனானுக்கு முயற்சி செய்யவா?

ஐ.நா. ஒவ்வொரு சிப்பாய்க்கும் கணக்கிட்டுக் கொடுக்கும் பெரிய தொகை அரசாங்கத்துக்குத்தான் போகும், அதிலிருந்து உனக்கு எவ்வளவு என்பதை நாடு தீர்மானிக்கும். நான் இருந்த காலத்தில் ஐ.நா. நேரடியாகக் கையில் தந்த தினப்படி 1.28 டொலர். ஓம், புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கிறது. லெபனானை மறந்துவிடு. 1978இல் தொடங்கிய அந்தப் படையின் பணி 2026 டிசம்பர் 31உடன் முடிவதாகப் பாதுகாப்புச் சபை தீர்மானித்துவிட்டது.

பம்பலப்பிட்டியிலிருந்து, வயது 11: அங்கிள், அப்பா தென் சூடானில் போர் என்ற ஊரில் இருக்கிறார். பெயரைக் கேட்டே அம்மம்மா பயப்படுகிறா. வருசப்பிறப்புக்கு அப்பாவுக்கு யார் கைவிசேடம் கொடுப்பார்கள்?

அம்மம்மாவிடம் சொல்லு: பெயர்தான் போர். அப்பா இருப்பது ஆஸ்பத்திரியில். 2014இல் நம் இராணுவம் தொடங்கிய ஆஸ்பத்திரி அது.

கைவிசேடத்தை நீயே கொடு. பஞ்சாங்கத்தில் நேரத்தைப் பார்த்து மூன்றரை மணி கழித்தால் அப்பாவின் நேரம் வரும். விடியப்புறமாக இருந்தால் முதல் நாளே சொல்லிவை, எழும்பி இருப்பார். வெற்றிலையில் புது நோட்டு ஒன்றை வைத்துக் கமராவுக்கு முன்னால் நீட்டு. அப்புறம் அதை உண்டியலில் போடாதே, அம்மா கடைக்கு எடுத்துவிடுவா. ஒரு கடித உறைக்குள் வைத்து அப்பாவின் பெயரை எழுதி ஒட்டு.

எனக்கு முகாமில் ஒரு சிங்கள நண்பன் அன்றைக்கு இருபது ரூபாய்த் தாள் தந்தான். லெபனானில் அதற்கு ஒரு தேநீர்கூட வராது. இன்னும் என் பணப்பையில் இருக்கிறது.