வாசகர் கேள்வி: வெடித்த தொட்டியும் மழைநீரும்

கேள்வி: எங்கள் லயத்து வீட்டில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் இருக்கின்றன, ஒன்றின் அடி வெடித்துவிட்டது. மழைநீர் பிடிக்கவும் மரக்கறி நடவும் இவை உதவுமா? (வாசகி, ஹட்டன்)

பதில்: தாராளமாக உதவும், ஆனால், தோட்டத்தில் மருந்தோ களைநாசினியோ கலக்கப் பயன்பட்ட தொட்டியாக இருந்தால், எத்தனை முறை கழுவியிருந்தாலும் இரண்டுக்கும் எடுக்காதீர்கள்.

வெடித்த தொட்டியை மரக்கறிக்கு ஒதுக்குங்கள். அடியில் இன்னும் சில துளைகளைப் போட்டு, இரண்டு கற்களின் மேல் தூக்கி வைத்து, மண்ணும் கூட்டெருவும் கலந்து நிரப்பினால் லீக்ஸ், சலாது, வெங்காயத்தாள் ஆகியவை நன்றாக வரும். உங்கள் பக்கத்து அடைமழையில் நீர் வடியாவிட்டால் வேர் அழுகிவிடும் என்பதால் அந்தக் கற்களை அலட்சியம் செய்ய வேண்டாம்.

நல்ல தொட்டியைத் தகரக் கூரையின் விளிம்புக்குக் கீழே, நிரம்புமுன்பே சரியான இடத்தில் வையுங்கள்; 60 லீற்றர் நீரின் எடை 60 கிலோ, பிறகு அசைக்க முடியாது. கூரையின் புகைக்கரியையும் பறவை எச்சத்தையும் கழுவி வரும் முதல் மழையை ஓடவிட்டு, அதன்பின் பிடிக்கும் நீரைத் துணி துவைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். டெங்கு நுளம்பு நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, தொட்டியின் உட்சுவரில் முட்டையிடுகிறது; அம்முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். எனவே நீரைக் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது, வாரத்திற்கு ஒருமுறை தும்புத் தூரிகையால் உட்புறத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். மற்ற நாட்களில் நுளம்பு புகாத துணியால் வாயை இறுகக் கட்டுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், துணியை நம்பாமல் பாரமான பலகை மூடியே போடுங்கள்.