அப்பா எழுத்து, ரெண்டு ஷீட்டு

கேள்வி: அப்பா கைப்பட எழுதி வெச்ச ஒரு பக்கம் இருக்கு, குடும்ப விஷயம், வெளிய போகக்கூடாது. நானும் ஜோகன்னஸ்பர்க்ல இருக்கிற தம்பியும் சேர்ந்தா மட்டும் படிக்கிற மாதிரி வைக்க வழி இருக்கா? பாஸ்வேர்டெல்லாம் எனக்கு மறந்துரும்.
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: இருக்கும்மா, பாஸ்வேர்டே வேணாம். 1994ல மோனி நாவோர், அடி ஷமீர்னு ரெண்டு பேர் சொன்ன வழி இது, விஷுவல் கிரிப்டோகிராஃபின்னு பேரு, கண்ணால பாத்தே படிக்கிற ரகசிய எழுத்து (ஆர்எஸ்ஏன்னு கம்ப்யூட்டர்ல ரகசியம் காக்குற முறை ஒண்ணு இருக்கு, அந்தப் பேருல நடுவுல வர்ற எஸ் இந்த ஷமீர்தான்). அப்பா எழுத்த கறுப்பு வெள்ளைப் படமா எடுத்து, அதுல இருக்கிற ஒவ்வொரு புள்ளியையும் ரெண்டு கட்டமா பிரிச்சு, ஒண்ணு கறுப்பு ஒண்ணு வெறுமைன்னு ரெண்டு டிரான்ஸ்பரன்ஸி ஷீட்டுலயும் (கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் தாள்) போடுவாங்க, எது எந்தப் பக்கம்ங்கிறத காசு சுண்டிப் பாக்குற மாதிரி ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியா முடிவு பண்ணுவாங்க. வெள்ளைப் புள்ளின்னா ரெண்டு ஷீட்டுலயும் ஒரே மாதிரி, கறுப்புன்னா நேர்மாறு. மேல மேல வெச்சா கறுப்பு முழுசா அடைஞ்சிரும், வெள்ளை பாதி சாம்பலா நிக்கும், எழுத்து கண்ணுக்கே தெரியும், கம்ப்யூட்டர் வேணாம். ஒரு ஷீட்ட மட்டும் எடுத்து எவ்வளவு நேரம் பாத்தாலும் எள்ளு கொட்டின மாதிரிதான் இருக்கும், அதுல இருந்து யாராலயும் ஒண்ணும் எடுக்க முடியாது.

ரெண்டையும் ஒரே பிரிண்டர்ல, ஒரே சைஸ்ல, டிரான்ஸ்பரன்ஸி ஷீட்டுல எடுங்க, ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து கலங்கிரும். அதே ஷீட்ட வேற படத்துக்குத் திரும்ப பயன்படுத்தவே கூடாது. ஒண்ணு தொலைஞ்சா எல்லாம் போச்சு, அதனால மூணு ஷீட்டு செஞ்சு எந்த ரெண்டு சேந்தாலும் தெரியுற முறையும் இருக்கு, மூணாவத அம்மாகிட்ட குடுத்து வைங்க. தம்பி ஷீட்ட வாட்ஸ்அப்ல அனுப்பாதீங்க, அவர் டர்பன் வரும்போது கையில குடுங்க.