நீளத்தைக் கூட்டினால் அகலம் கிடைக்காது

கேள்வி: எனக்கு வயது 41, எடை 86 கிலோ. ஏழு மாதமாக வாரத்தில் நான்கு நாள், காலையில் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். எனக்கு அகலமான, தட்டையான பாதம். வழக்கமான சைஸ் 8; அதில் சுண்டுவிரல் பக்கம் நெரிப்பதால் 9 வாங்கி, அதையேதான் இதுவரை போட்டு ஓடுகிறேன். இப்போது வலது கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. ஓடி முடித்ததும் வலது கணுக்காலின் உள்பக்க எலும்புக்குக் கீழே வலிக்கிறது. கடையில் டிரெட்மில்லில் ஓடவிட்டு வீடியோ எடுத்துப் பார்த்துவிட்டு, ‘உங்களுக்கு ஓவர்ப்ரோனேஷன் இருக்கிறது, ஸ்டெபிலிட்டி ஷூதான் (பாதம் உள்பக்கம் சாய்வதைத் தடுக்கும் ஷூ) போட வேண்டும்’ என்றார்கள். விலை 17,000 ரூபாய். வாங்கலாமா டாக்டர்?
— ஈரோடு வாசகர்

பதில்: ஷூவுக்கு முன்னால் அந்தக் கணுக்கால் வலியைப் பார்த்துவிடுவோம். வெறுங்காலோடு சுவர் ஓரமாக நில்லுங்கள். விரல் நுனியை மட்டும் சுவரில் வைத்துக்கொண்டு, வலது காலில் மட்டும் நின்று குதிகாலை முழுதாக உயர்த்தி இறக்குங்கள். பத்து முறை. பிறகு இடது காலில் பத்து முறை. வீட்டில் யாரையாவது பின்னாலிருந்து செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். குதிகால் மேலே போகும்போது அது உள்பக்கமாகத் திரும்பி, பாதத்தின் உள்வளைவு எழும்பி வந்தால், உங்களுடையது வளைந்துகொடுக்கும் தட்டைப் பாதம். ஷூவைப் பற்றி மேலே பேசலாம்.

வலது காலில் எழவே முடியவில்லை, அல்லது எழுந்தாலும் குதிகால் வெளிப்பக்கம் சாய்ந்தே நிற்கிறது என்றால் கதை வேறு. கெண்டைக்காலின் ஆழத்திலிருந்து உள்கணுக்காலின் பின்புறமாக வளைந்து வந்து, பாதவளைவைத் தூக்கிப் பிடிக்கும் தசைநாண் ஒன்று உண்டு. உங்களுக்கு வலிக்கும் இடமும் அதன் பாதைதான். அது பலவீனப்பட்டிருந்தால் எந்த விலை ஷூவும் அதைச் சரிசெய்யாது. ஓடுவதை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். அந்த இடத்தில் வீக்கம் இருந்தாலும், சமீப காலத்தில் ஒரு பாதம் மட்டும் தட்டையாகிக்கொண்டு வந்தாலும் இதேதான். சர்க்கரை நோயோடு பாதத்தில் மரத்த உணர்வும் இருப்பவர்கள், ஷூ வாங்கும் முன்பே பாதத்தைக் காட்டிவிட வேண்டும்.

சோதனையில் தேறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் சொன்ன ‘ஓவர்ப்ரோனேஷன்’ நோயின் பெயரல்ல. ஓடும்போது குதிகாலின் வெளி விளிம்பு முதலில் தரையைத் தொட்டு, பாதம் உள்பக்கம் உருண்டு, வளைவு சற்றுத் தாழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது எல்லோருக்கும் நடப்பது. அதுதான் ப்ரோனேஷன். அந்த உருளல் அதிகமாக இருந்தாலோ, பாதம் தரையை உந்தும் நேரம் வரை நீடித்தாலோ ‘ஓவர்’ என்கிறோம். எங்கே ‘ஓவர்’ தொடங்குகிறது என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட கோடு கிடையாது. பழக்கமில்லாத டிரெட்மில்லில் அரை நிமிடம் ஓடிய வீடியோவைக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம்.

டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்குச் சாதாரண நியூட்ரல் ஷூ (சாய்வைத் தடுக்கும் அமைப்பு இல்லாதது) கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். 2014-ல் முடிவு வெளியானது. பாதம் உள்பக்கம் சாய்பவர்களுக்குக் காயம் கூடுதலாக வரவில்லை. 2016-ல் வெளியான லக்சம்பர்க் ஆய்வு வேறு விதம்: 372 பேரில், உள்சாய்வைத் தடுக்கும் ஷூ போட்டவர்களுக்குக் காயம் குறைந்தது, அந்தப் பலன் உள்பக்கம் சாயும் பாதக்காரர்களிடம்தான் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் கருத்து இது: வலியே இல்லாதவர், சாய்வு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஸ்டெபிலிட்டி ஷூவுக்கு மாற வேண்டியதில்லை. உங்களுக்கு உள்பக்கம் வலி இருக்கிறது. பழைய ஷூவை மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். அது உள்பக்கம் சாய்ந்தும் நின்றால், மிதமான ஸ்டெபிலிட்டி ஷூவை முயன்று பார்ப்பது நியாயம். (சோலின் குதிகால் வெளிமூலை தேய்ந்திருப்பதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். பெரும்பாலோருக்கு அங்கேதான் தேயும்.)

ஆனால் உங்கள் தொல்லையில் பெரிய பங்கு அந்த 9-ஆம் நம்பருக்கு. ஒரு முழு சைஸ் கூட்டினால் நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடும். அடிப்பாகத்தின் அகலம் கூடுவதோ ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். நெரிசல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். ஆனால் ஷூ மடங்கும் இடம் உங்கள் விரல்கள் மடங்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடும், உள்ளே இருக்கும் வளைவு மேடும் முன்னால் தள்ளிப் போய்விடும். குதிகால் பிடிப்பில்லாமல் வழுக்க, விரல்கள் சோலைப் பற்றிக்கொள்ளப் பார்க்கும். ஒவ்வொரு அடியிலும் பாதம் முன்னே சறுக்கி நகம் போய் இடிக்கும். பெரிய ஷூவில் நகம் கறுப்பது இப்படித்தான்.

அகலத்துக்குத் தனிக் குறியீடு இருக்கிறது. ஆண்கள் ஷூவில் D சாதாரணம், 2E அகலம், 4E மிக அகலம். பெண்களுக்கு B சாதாரணம், D அகலம், 2E மிக அகலம். பெட்டியிலோ, ஷூவில் லேஸுக்கு அடியிலுள்ள நாக்கின் உள்பக்க லேபிளிலோ இருக்கும். எழுத்தே இல்லையென்றால் சாதாரண அகலம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்க வேண்டியது ‘8, 2E’. ஏசிக்ஸின் ஜிடி-2000, கயானோ, நியூ பேலன்ஸ் 860, புரூக்ஸ் அட்ரினலின் ஜிடிஎஸ் ஆகிய ஸ்டெபிலிட்டி மாடல்கள் அகல அளவிலும் தயாராகின்றன. கடை அலமாரியில் பெரும்பாலும் D மட்டும்தான் இருக்கும். வரவழைத்துத் தரச் சொல்லுங்கள், அல்லது திருப்பி அனுப்பும் வசதி உள்ள இடத்தில் ஆன்லைனில் வாங்குங்கள். புதிய பதிப்பு வந்ததும் போன பதிப்பின் விலை இறங்கும். அதை வாங்குவதில் மருத்துவ ரீதியாக ஒரு குறையும் இல்லை. 17,000 ரூபாய் கட்டாயமல்ல.

அளவை மாலையில் எடுங்கள். நாள் முழுக்க நடந்து பாதம் சற்று உப்பியிருக்கும். ஓடும்போது போடும் சாக்ஸோடு, குதிகாலைச் சுவரில் ஒட்டி, தாளின் மேல் முழு எடையையும் ஊன்றி நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரையச் சொல்லுங்கள். உட்கார்ந்து எடுக்காதீர்கள். தட்டைப் பாதம் எடை ஏறியதும் நீளத்திலும் அகலத்திலும் பரவும். உட்கார்ந்து எடுத்த அளவு அதைக் காட்டாது. இரு பாதமும் வரைந்து, பெரியதற்கு வாங்குங்கள்.

கடையில் முதலில் ஷூவின் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நில்லுங்கள். முன்பாதம் இரண்டு பக்கமும் ஓரிரு மில்லிமீட்டர் வெளியே வந்தால் மேல்துணி விட்டுக்கொடுக்கும். சுண்டுவிரலே பாதி வெளியே நின்றால் அந்த ஷூவைப் போட்டுப் பார்க்கவே வேண்டாம். போட்டு நின்றபின், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். லேஸைக் கட்டிவிட்டு மேலிருந்து பாருங்கள்: ஓட்டை வரிசை இரண்டும் ஏறக்குறைய இணையாக ஓட வேண்டும். முன்பாதப் பக்கம் V போல அகன்றால் ஷூ குறுகல்; இரண்டு வரிசையும் ஒட்டிக்கொண்டால் அளவுக்கு மீறிய அகலம்.

பிறகு ஷூவைக் கையில் எடுங்கள். குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி விரலால் அழுத்தினால் நசுங்கக்கூடாது. முன்னும் பின்னும் பிடித்து மடக்கினால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும்; நடுவில் மடங்கினால், துணி பிழிவதுபோல் முறுக்க வந்தால், உங்களுக்கு ஆகாது. போட்டு நடக்கும்போது உள்வளைவில் மேடு குத்தினால், ‘பழகிவிடும்’ என்பதை நம்பாதீர்கள். கொப்புளம்தான் வரும்.

ஸ்டெபிலிட்டி ஷூ வாங்கியபின் அதற்குள் கெட்டியான வளைவு இன்சோலையும் சேர்த்து வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்து பாதத்தை வெளிப்பக்கம் தள்ளினால் கணுக்காலின் வெளிப்புறமும் முழங்காலின் வெளிப்புறமும் வலிக்கத் தொடங்கும். முன்பாதத்தில் லேஸைத் தளர்வாக விட்டு, கடைசியில் இருக்கும் கூடுதல் ஓட்டையில் இரு பக்கமும் வளையம் போட்டு, லேஸைக் குறுக்கே அதில் நுழைத்து இறுக்குங்கள், குதிகால் வழுக்காது.

புது ஷூவில் முதல் நாளே 5 கிலோமீட்டர் வேண்டாம். முதல் வாரம் நடை, இரண்டாம் வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள் 2 கிலோமீட்டர், வலி இல்லையென்றால் மெல்லக் கூட்டுங்கள். கூடவே படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, ஒன்றுவிட்டு ஒரு நாள், 12 முறை வீதம் மூன்று சுற்று. ஆறு வாரத்தில் கணுக்கால் வலி குறையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் கணக்குப்படி பழைய ஷூ ஏற்கெனவே 600 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பொதுவாக 500 முதல் 800 வரைதான் அதன் ஆயுள், உங்கள் எடைக்கு 500 பக்கம்தான். அதை இனி ஓட எடுக்காதீர்கள்.

கறுத்த நகம் வலிக்கவில்லை என்றால் பிடுங்கவோ துளைக்கவோ வேண்டாம். கட்டைவிரல் நகம் முழுதாகப் புதிதாக வளர ஓராண்டுக்கு மேல் ஆகும். அந்தக் கறுப்பு நகத்தோடு முன்னே நகர்ந்துகொண்டே வர வேண்டும். இரண்டு மூன்று மாதமாகியும் நகராமல் ஒரே இடத்தில் நின்றாலோ, நகத்தின் அடியிலுள்ள தோலுக்குப் பரவினாலோ, அது ஷூ இடித்த கறுப்புதான் என்று விட்டுவிடாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.